மூன்றாவது ஆம்புலன்ஸ்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். ஆசியக் கண்டத்துக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டி எங்கள் ஊரில் நடக்கும்போதெல்லாம் மைதானத்து ஏற்பாடுகளைக் கவனிக்க உள்ளூரில் ஒரு ஆளை நியமிப்பார்கள். மேட்ச் கோஆர்டினேட்டர் என்று பெயர். வயது வரம்பு வந்து நான் ஒதுங்கிய பிறகு அந்த வேலை அவளுக்குப் போயிருக்கிறது.

"சார், உங்க பழைய பிளான்லாம் பாத்துக்கினு இருக்கேன். ரூல்ல ரெண்டு ஆம்புலன்ஸ்தான இருக்குது? நீங்க எல்லாத்துலயும் மூணு போட்டு வச்சிருக்கீங்க. மூணாவது எதுக்கு சார்?"

"இருக்கட்டும் வுடும்மா. நல்லதுதான்."

"ஆபீஸ்ல காரணம் கேட்டா இன்னா சொல்றது?"

"பைத்தியக்காரக் கெழவன் போட்டான்னு சொல்லு."

அவள் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. என் முதுகுக்குப் பின்னால் 'ஆம்புலன்ஸ் மாஸ்டர்' என்று ஒரு பெயர் ஓடுவது எனக்குத் தெரியும். நேரில் சொன்னால் நடுவில் எங்காவது பாதியிலேயே நிறுத்திவிடுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தவன். வீடு ரெட்டியார்பாளையத்தில். இளவயதில் ரெஃப்ரி ஆகும் ஆசை இருந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறினேன், ஓட்டப் பரீட்சையில் நாக்குத் தள்ளிவிட்டது. ஓடமுடியாதவனை மேஜை வேலைக்கு அனுப்புவதுதானே உலக வழக்கம். ஊர்ச் சங்கத்தில் செயலாளர், பிறகு தேசிய சம்மேளனம் நடத்திய வகுப்பு, அதற்குப் பிறகு கூட்டமைப்பே நடத்திய வகுப்பு. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஏ.சி. அறையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

கூட்டமைப்பு என்றால் என்ன என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். அவளுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒரு கிளப். அது போல நாலு கிளப் சேர்ந்தால் ஊர்ச் சங்கம். ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு நாட்டுச் சம்மேளனம். கண்டத்தில் இருக்கும் நாடுகளின் சம்மேளனங்கள் எல்லாம் சேர்ந்தது கூட்டமைப்பு. அதற்கும் மேலே உலக அமைப்பு. கண்டம் பெரியது என்பதால் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாநாடு கூடும்போது ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. கோடிக்கணக்கில் ஜனம் இருக்கிற நாட்டுக்கும் ஒன்று, மொத்த ஜனத்தையும் எங்கள் கடற்கரைச் சாலையில் நிற்க வைத்துவிடலாம் போலிருக்கிற தீவுக்கும் ஒன்று. மாநாடு தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு ஒன்று உண்டு. அதன் கீழே போட்டிகளுக்கு ஒரு குழு, ரெஃப்ரிகளுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒன்று, அதன்மேல் அப்பீல் கேட்க இன்னொன்று. இவர்கள் கூடிப் பேசிவிட்டு எழுந்துபோன பிறகு வேலையைச் செய்வதற்கு ஒரு தலைமைச் செயலகம்.

"ஓட்டு மட்டும் சமம். மத்ததெல்லாம்?" என்றாள் மனைவி. அவள் கால்பந்து பார்க்க மாட்டாள். ஆனால் கேள்வி சரியாகக் கேட்பாள்.

மற்றதெல்லாம் சமம் இல்லை. நாடுகளுக்குப் புள்ளிகள் உண்டு. கடந்த சில வருடங்களில் உன் நாட்டுக் கிளப்புகள் எப்படி ஆடின என்பதைப் பொறுத்து உனக்கு எத்தனை இடம், எந்தப் போட்டியில் இடம் என்று முடிவாகும். பணக்காரக் கிளப்புகளுக்கு மேல்தட்டுப் போட்டி. சின்ன நாட்டுக் கிளப்புகளுக்குக் கடைசித் தட்டு. அதிலும் முதலில் தகுதிச் சுற்று ஆடி வர வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆட எல்லோருக்கும் வசதி இராது என்று மூன்று நாலு கிளப்பை ஒரே ஊருக்கு வரவழைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். அந்த மாதிரி ஒரு சுற்றுத்தான் எங்கள் ஊருக்கு வந்தது. நம் நாட்டுக் கிளப் ஒன்றின் சொந்த மைதானத்தில் பழுது வேலை நடந்துகொண்டிருந்ததால் இங்கே வைத்துக்கொண்டார்கள். அதையும் சேர்த்து மூன்று கிளப்புகள். முதல் இடம் பிடிப்பது மட்டும் மேலே போகும்.

அந்தச் சுற்றுக்கு மேட்ச் கமிஷனராக வந்தவர் மத்திய ஆசியாக்காரர். கமிஷனர்தான் ஆட்டத்தில் கூட்டமைப்பின் பிரதிநிதி. ஆடுகிற நாடுகளைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. ரெஃப்ரி வேறொரு நாடு, ரெஃப்ரியை மதிப்பிடுபவர் இன்னொரு நாடு. யாருக்கும் யாரும் சொந்தமில்லாத கூட்டமாக இருக்கும். நான் ஒருவன்தான் ஊர்க்காரன்.

அவர் பழைய கோல்கீப்பர். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்க்கும். வெயிலில் கோட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தனக்கு வேண்டிய வெந்நீரைத் தானே பிளாஸ்க்கில் கொண்டு வருவார். முதல் நாள் மைதானத்தில் இளநீர் வெட்டி நீட்டினேன். "ஆட்டங்கள் முடியட்டும்" என்று கும்பிட்டார். ஏற்பாடு செய்யும் ஊரின் கையிலிருந்து ஒரு இளநீர்கூட வாங்கக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட விரதம், எந்த விதியிலும் அது இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். எங்கள் ஊர் இளநீரைக் குடித்து யார் கட்சி மாறப்போகிறார்கள்?

ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒருங்கிணைப்புக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். இரண்டு கிளப்பின் மேனேஜர்கள், ரெஃப்ரி, டாக்டர், பாதுகாப்பு அதிகாரி, நான். சட்டை, டிரவுசர், சாக்ஸ் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைக்க வேண்டும். ஜவுளிக்கடைதான். இரண்டு அணியின் நிறமும் ஒன்றோடொன்று மோதக் கூடாது, கோல்கீப்பர்கள் நிறம் யாரோடும் மோதக் கூடாது, ரெஃப்ரி இவர்கள் யாரோடும் மோதக் கூடாது. அவர் ஒவ்வொரு சட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்?"

"தெற்கு கேட் பக்கத்தில் ஒன்று, ஆட்டக்காரர்களுக்கு. காலரிக்குப் பின்னால் ஒன்று, ஜனங்களுக்கு."

"முகம் எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. முகத்தை வெளியே பார்த்து நிறுத்த வேண்டும். உள்ளே பார்த்து நிறுத்தினால் அவசரத்தில் திருப்பவே நேரம் போய்விடும். கேட் சாவி யாரிடம் என்றார். வாட்ச்மேனிடம் என்றேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போனால்? அன்று சாயங்காலமே மைதானத்துக்கு வந்து பூட்டைக் கழற்ற வைத்தார். டிரைவர் வேலுவைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்லி ரோடு வரைக்கும் பின்னாலேயே நடந்து போனார். கூட்டமைப்பின் மருத்துவ விதியில் ஒரு வரி உண்டு. ஆட்டக்காரர்களுக்கான ஆம்புலன்ஸ் மைதானத்தில் இல்லையென்றால் பந்து உருளக் கூடாது. அதை வேலுவுக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப என் வண்டிதான் மேட்சையே ஓட்டுதுன்றீங்க" என்றான் வேலு. அன்று முழுக்க அவன் நடையே மாறிவிட்டது.

கடைசி ஆட்டம் நம் நாட்டுக் கிளப்புக்கும் ஒரு தீவு நாட்டிலிருந்து வந்திருந்த கிளப்புக்கும். மூன்றாவது கிளப் இருவரிடமும் தோற்று ஊருக்குப் போய்விட்டது. கோல் கணக்கில் நம்மவர்கள் முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும். தீவுக்காரர்கள் ஜெயித்தே ஆக வேண்டும். அவர்கள் குழுவில் தொழில்முறை ஆட்டக்காரன் என்று பாதிப்பேர்கூட இல்லை. காப்டன் பெயர் நசீம். பின்வரிசை ஆட்டக்காரன், தீவுகளுக்கு இடையே படகு ஓட்டுபவன். ஹோட்டலிலிருந்து பயிற்சி மைதானத்துக்கு அவர்களை அழைத்துப் போவது என் வேலை. பஸ்ஸில் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவான். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"எங்கள் கிளப் ஒரு தடவைகூடத் தகுதிச் சுற்றைத் தாண்டியதில்லை மாஸ்டர்" என்றான் ஒரு நாள். "முழங்கால் போய்விட்டது. அடுத்த வருடம் நான் கிடையாது. இந்த ஒரு தடவை தாண்டிவிட்டால் நிம்மதியாகப் படகோடு போய்விடுவேன்."

நான் ஊர்க்காரன், நடுநிலையில் இருக்க வேண்டியவன். அவன் ஜெயிக்க வேண்டும் என்று அன்றைக்கே மனசு சாய்ந்துவிட்டது. இதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

எங்கள் மைதானத்தின் விளக்குகள் கூட்டமைப்பு கேட்கும் அளவுக்கு இல்லை. அதனால் ஆட்டங்களைப் பகல் வெளிச்சத்திலேயே வைத்தார்கள், நாலு மணிக்கு. தை மாதம், காலரி நிறையக் கூட்டம். முதல் பாதியில் தீவுக்காரர்கள் ஒரு கார்னரில் கோல் போட்டார்கள். தலையால் முட்டியவன் நசீம். ஊர்க் கூட்டமே கைதட்டியது. அதுதான் எங்கள் ஊர். நல்ல கோல் யார் போட்டாலும் கைதட்டுகிறவர்கள் எங்கள் காலரியில் எப்போதும் உண்டு. அதில் முதல் ஆள் முசே அந்துவான்.

முசே என்றால் ஐயா. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா, பழைய சிப்பாய். பள்ளிப் பிள்ளைகள் பந்தயத்துக்குக்கூட வந்து உட்கார்ந்திருப்பார், தலையில் தொப்பி, கையில் குடை. தப்பாக ஊதும் ரெஃப்ரியைப் பிரெஞ்சில் திட்டுவார். நல்ல ஆட்டக்காரனைத் தமிழில் கொஞ்சுவார். நசீமின் கோலுக்கு எழுந்து நின்று குடையை ஆட்டியதை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் காலரியில் ஒரு கல்லூரிப் பெண் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். ஜனங்களுக்கான ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமுக்கே போக வேண்டும் என்று அவள் அப்பா பிடிவாதமாக நின்றார். அது ரெட்டியார்பாளையத்தில் இருந்தது. அதில் ஒன்றும் தப்பில்லை. இறக்கிவிட்டு உடனே திரும்பி வருவதாக டிரைவர் சொன்னான். நானும் கமிஷனரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். நம்மவர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். தீவுக்காரர்களில் இரண்டு பேருக்குக் கால் பிடித்துக்கொண்டதால் மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரையும் இறக்கித் தீர்த்துவிட்டார்கள். நம் பக்கம் இன்னும் ஒரு மாற்று மிச்சம் இருந்தது. அப்போதுதான் காலரியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கோலுக்குக் கத்தும் சத்தம் இல்லை அது. நிமிர்ந்து பார்த்தேன். முசே அந்துவான் இரண்டு படி கீழே சரிந்து கிடந்தார். தொப்பி உருண்டுபோயிருந்தது.

மைதான டாக்டர் ஓடினார். போன வேகத்திலேயே கையைக் காட்டினார். "நெஞ்சு. கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்கு நேரா எடுத்துக்கினு போவணும், இப்பவே!"

காலரி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். "விழுப்புரம் ரோட்டுல லாரி ஒண்ணு அச்சு முறிஞ்சி குறுக்கால நிக்குது சார். போலீஸ் எடுத்துக்கினு இருக்காங்க. பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" என்றான் அந்த டிரைவர். தெற்கு கேட்டில் வேலு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"சார், நான் கெளம்பினா மேட்ச் நிக்கும்னு சொன்னீங்களே. போவவா, வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க!"

சொல்ல வேண்டியவர் கமிஷனர். அவர் ஏற்கெனவே எல்லைக் கோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டார். அங்கே நிற்கும் நான்காவது ரெஃப்ரியிடம் ஒரு வார்த்தை சொன்னார். ரெஃப்ரி விசில் ஊதினார். கமிஷனர் வேலுவைப் பார்த்துக் கையை வெளிப்பக்கம் நீட்டினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வண்டி முகத்தை வெளியே வைத்து நின்றதால் எடுத்த எடுப்பில் ரோட்டைப் பிடித்தது.

பிறகு இரண்டு காப்டன்களையும் அழைத்தார். அவர் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை, தெரிவித்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆட்டம் நிற்கிறது. நசீம் என்னைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் மாஸ்டர்?"

"பத்து நிமிடம்" என்றேன். என்னிடம் சொல்லப்பட்டதைத்தான் சொன்னேன். ஆனாலும் வாயிலிருந்து போனது என் வார்த்தை. இன்றும் அந்த இரண்டு சொல் என்னைக் குத்துகிறது.

பத்து நிமிடம் போயிற்று. லாரி நகரவில்லை, கோரிமேட்டிலிருந்து வேலுவும் திரும்பவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்டேன், அவர்கள் வண்டி கிளம்பி அதுவும் அதே நெரிசலின் வாலில் மாட்டிக்கொண்டது. வானம் சாம்பலாக ஆரம்பித்தது. தீவுக் கோச் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவர் முகம் வேறு.

"நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே? உங்கள் அணி தோற்கும்போது மட்டும் இரண்டு ஆம்புலன்ஸும் காணாமல் போகிறது. என்ன அதிசயம்!"

அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். நசீம்தான் அவர் தோளைப் பிடித்தான். "நான் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தேன் கோச். நடிப்பு இல்லை" என்றான். பிறகு கமிஷனரிடம் போனான். "ஆம்புலன்ஸ் இல்லாமலே ஆடுகிறோம் சார். மிச்சம் பத்து நிமிடம்தானே? வெளிச்சம் போவதற்குள் முடித்துவிடலாம். எங்களுக்கு ஏதாவது ஆனால் எங்கள் பொறுப்பு என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்."

கமிஷனர் அவனுடைய கையைத் தன் கோணல் விரல்களால் பிடித்துக்கொண்டார். "ஒருவன் விழுந்துவிட்டால் உன் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது எதிர்க் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை. ரெஃப்ரி பந்தை நடுக்கோட்டில் வைத்து இரண்டு கோலையும் பார்த்தார், தலையை ஆட்டினார். ஆட்டம் கைவிடப்பட்டது.

அதற்குப் பிறகு நடப்பது மைதானத்தில் இல்லை, தலைமைச் செயலகத்தில். கமிஷனர் நடந்ததை நடந்தபடி போனில் சொல்வார். போட்டிக் குழுவின் பொறுப்பில் இருப்பவர்கள் விதியைப் பார்த்து முடிவு சொல்வார்கள். யார் மேலும் தப்பில்லாமல் நின்றுபோன ஆட்டம் என்றால், நின்ற நிமிடத்திலிருந்து மிச்சத்தை மட்டும் மறுநாள் ஆட வேண்டும். அதே கோல் கணக்கு, அந்தக் கணத்தில் களத்தில் இருந்த அதே ஆட்கள். மாற்று மிச்சம் வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். தீர்த்துவிட்டவர்களுக்குக் கிடையாது. காகிதத்தில் இதைவிட நியாயமாக எழுத முடியாது. நானே வகுப்பில் இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அன்றிரவும் அதே முடிவுதான் வந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் கூட்டம் இல்லை. பால் வாங்கப் போனவர்கள் சிலர் வேலி ஓரமாக நின்றார்கள். மூன்று ஆம்புலன்ஸ் நிறுத்தியிருந்தேன். இரண்டு போதும் என்று பாதுகாப்பு அதிகாரி சொன்னார், நான் கேட்கவில்லை. வேலு என்னிடம் வந்து, பெரியவர் பிழைத்துக்கொண்டார், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார் என்றான். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சந்தோஷம் நிஜம். அதே நேரத்தில் எதிரே தீவுக்காரர்கள் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள். முந்தின நாள் ஆட்டம் தசையில் இறுகிப்போய், ஒவ்வொருவரும் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்கள். நசீமின் முழங்கால் வீங்கியிருந்தது.

நம்மவர்கள் மிச்சம் வைத்திருந்த மாற்றை முதல் வேலையாக இறக்கினார்கள். இருபது வயதுப் பையன், முந்தின நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், குதிரை மாதிரி ஓடினான். நசீம் அவனை ஒரு தடவை தடுத்தான், இரண்டாம் தடவையும் தடுத்தான். கடைசியில் வலது ஓரமாக ஒரு நீளப் பந்து வந்தது. இருவரும் ஓடினார்கள். நசீம் காலை நீட்டினான், கால் வரவில்லை. பந்து கோலுக்குள் போனது. ஒன்று-ஒன்று. நம்மவர்கள் மேலே போனார்கள்.

நம் நாட்டு அணி. நான் கொண்டாட வேண்டிய ஆள். பவிலியனுக்குப் பின்னால் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் வேலை வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எந்த முடிவுக்காகவும் நான் அப்படி நின்றதில்லை.

தீவுக்காரர்களுக்கு அன்று மாலை சென்னையிலிருந்து விமானம். பஸ்ஸில் வழக்கம்போல் நசீம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முத்தியால்பேட்டைப் பக்கம் போகாமல் திண்டிவனம் ரோட்டைப் பிடித்தோம். கோரிமேடு நெருங்கும்போது அவன் கேட்டான்.

"அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்?"

"பிழைத்துவிட்டார்."

"எந்த ஆஸ்பத்திரி?"

ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். அவன் எழுந்துபோய்க் கோச்சிடம் ஏதோ சொன்னான். கோச் முதலில் முறைத்தார். பிறகு டிரைவரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

நானும் நசீமும் மட்டும் உள்ளே போனோம். வார்டு வாசலில் முசே அந்துவானின் மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடிதான் பேச ஆரம்பிச்சாரு சார். மேட்ச் நின்னுபோச்சின்னு நாங்க சொல்லல. தன்னாலதான்னு தெரிஞ்சா மனசு வுட்டுப்பூடுவாரு. டாக்டர் எதுவும் சொல்லாதீங்கன்னுட்டாரு. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வந்துடுங்க."

அதை ஆங்கிலத்தில் நசீமிடம் சொன்னேன். தலையை ஆட்டினான்.

மூக்கில் குழாயோடு அவர் படுத்திருந்தார். தொப்பி இல்லாமல் அவரை அடையாளமே தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு என் பின்னால் டிராக் சூட்டில் நின்றவனைப் பார்த்தார். கண்கள் பெரிதாயின.

"அட, நம்ம கப்பித்தேன்! மாஸ்டர், இவன கேளு. இவன் போட்ட கோல பாத்தேன், அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஜெயிச்சாங்களா?"

நானே ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இரண்டு மொழிக்கும் நடுவில் நான் ஒருத்தன்தான். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. கேட்டதைக் கேட்டபடி நசீமிடம் சொன்னேன். ஜெயித்தீர்களா என்று கேட்கிறார்.

அவன் என்னைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். குனிந்து, பெரியவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னான்.

"எஸ் சார். ஒன்-ஜீரோ."

அவர் முகம் மலர்ந்தது. குழாய் சொருகிய கையை மெல்ல மெல்லத் தூக்கி அவன் கையைப் பற்றிக்கொண்டார். "பிராவோ" என்றார். "பிராவோ, கப்பித்தேன். நீங்கதான் ஜெயிக்கணும்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

இதையும் சொல்லுங்கள் என்பதுபோல் நசீம் என்னைப் பார்த்தான். சொன்னேன். "தேங்க் யூ, சார்" என்றான். அந்தக் கோலுக்காக, அந்த ஆட்டத்துக்காக, அத்தனை வருடத்துக்காக அவனுக்குக் கிடைத்த வாழ்த்து அது ஒன்றுதான். பெரியவர் அப்படியே தூங்கிப்போனார். கீழே பஸ் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் நசீம் அந்தக் கையை விடவில்லை.